வந்தியத்தேவனை 'வி.டி.' ஆக்கியவர்கள்

எங்கள் அடுக்ககத்தில் பொங்கல் விழாவுக்குப் பிள்ளைகளை வைத்து ஒரு நாடகம் போடுவது வழக்கம். இந்தத் தடவை 'பொன்னியின் செல்வன்' என்று முடிவாகி, வாட்ஸப்பில் வசனப் பிரதியும் வந்து சேர்ந்தது. ஆசையாகத் திறந்தால் முதல் பக்கத்தில் பாத்திரங்களின் பட்டியல் இப்படி இருக்கிறது: வி.டி., ஏ.கே., பி.பி., சி.பி., பிரின்சஸ் கே., குவீன் என்.

வி.டி. யார்? வல்லவரையன் வந்தியத்தேவன். ஏ.கே. ஆதித்த கரிகாலன். பி.பி. என்றால் ரத்த அழுத்தம் இல்லையாம், பெரிய பழுவேட்டரையராம். (எனக்கு ஏறியது என்னவோ ரத்த அழுத்தம்தான்.) சி.பி. அவருடைய தம்பி. பிரின்சஸும் குவீனும் யாரென்று நீங்களே கண்டுபிடித்துக் கொள்ளுங்கள்.

எழுதிய நண்பரைக் கேட்டேன். "பசங்க எல்லாம் இங்கேயே பொறந்து வளர்ந்தவங்க ஸார். அந்தப் பேரெல்லாம் வாயில நுழையாது. பட்டம் கிட்டம் எல்லாம் எதுக்கு? கதை புரிஞ்சா போதாதா?" என்றார். உடனே அவருக்கு ஆதரவாகக் குழுவில் பதினான்கு கட்டைவிரல்கள். எதிர்த்து ஒரே ஓட்டு, அடியேனுடையது. ஜனநாயகம் வென்றது. அங்கே இரண்டு வரிக்கு மேல் எழுதினால் யாரும் படிப்பதில்லை. இது நம்ம கடை, விரிவாகவே பேசலாம்.

என் கட்சி இதுதான். காவியக் கதையில் பட்டம் என்பது மேலே ஒட்டிய ஜிகினா இல்லை. கதையே அதில்தான் இருக்கிறது. பட்டத்தை வெட்டினால் கதை சுருங்காது, செத்துப் போகும். அதைப் பிள்ளைகளுக்காக வெட்டுகிறோம் என்று சொல்வது பொய். நம் சோம்பேறித்தனத்துக்குப் பிள்ளைகளைச் சாட்சிக்கு இழுக்கிறோம், அவ்வளவுதான்.

முதலில் அந்த 'வாயில் நுழையாது' வாதத்தைப் பார்ப்போம்.

நாடகத்தில் வி.டி.யாக நடிக்கப் போகும் பையன் ஒன்பதாம் வகுப்பு. டோல்கீன் பைத்தியம். அரகார்ன் என்கிற ஒரே ஆளுக்கு ஸ்ட்ரைடர், தோரோங்கில், எலெஸ்ஸார், டெல்கோன்டார் என்று எத்தனை பெயர், எந்தப் பெயரை யார் எப்போது வைத்தார்கள் என்று மூச்சு விடாமல் சொல்வான். அவனுடைய அக்கா கல்லூரியில் படிக்கிறாள். 2011இல் தொடங்கி 2019இல் முடிந்த 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' எட்டு சீசனும் அவளுக்கு மனப்பாடம். டெனேரிஸ் டார்கேரியன் சபைக்குள் வந்தால் பணிப்பெண் ஒரு பட்டியல் வாசிப்பாளே... புயலில் பிறந்தவள், தீயில் வேகாதவள், விலங்குகளை உடைத்தவள், டிராகன்களின் தாய்... அதை அந்தப் பெண் ஏற்ற இறக்கத்தோடு ஒப்பிப்பாள். இந்த வாயிலா 'பழுவேட்டரையர்' நுழையாது?

இன்னும் கேளுங்கள். மெட்ரோவில் மெஜஸ்டிக் வந்தால் 'நாடபிரபு கெம்பேகௌடா' என்று அறிவிப்பு வரும். நம் பிள்ளைகள் அதைக் கன்னடக்காரப் பிள்ளைகளைப் போலவே அழகாகச் சொல்கிறார்கள். நாடபிரபு என்பதும் பட்டம்தான். அங்கே யாரும் 'என்.கே.' என்று சுருக்கித் தரவில்லை. தினமும் காதில் விழுகிறது, நாக்கில் ஒட்டிக்கொண்டது. பழுவேட்டரையர் நாக்கில் ஒட்டாததற்குக் காரணம் நாக்கு இல்லை. வீட்டில் யாரும் அதை உரக்கச் சொல்லவில்லை என்பதுதான் காரணம்.

சரி, பட்டம் இல்லாவிட்டால் கதையில் என்ன குறைந்துவிடும்? வரிசையாக எடுத்துக்கொள்கிறேன்.

கதாநாயகன் யார்? 'வல்லவரையன்' என்று நீளமாகப் பட்டம் வைத்திருக்கும் ஆள். வாணர் குலம், அரச வம்சம் எல்லாம் சரி. ஆனால் முன்னோர்கள் ஆண்ட நாடு கைவிட்டுப் போய்விட்டது. மிச்சம் இருப்பது ஒரு குதிரை, ஒரு வாள், வேறொருவர் கொடுத்த ஓலை. ஆடிப்பெருக்கு அன்று வீரநாராயண ஏரிக் கரையில் வேடிக்கை பார்த்துக்கொண்டு வருகிறான், அடுத்தவர் வேலைக்காக. பட்டம் பெரிது, நிலம் இல்லை என்கிற அந்த இடைவெளியில்தான் அவனுடைய குறும்பும் ரோஷமும் துணிச்சலும் பிறக்கின்றன. ஊரில் பெரிய குடும்பம், இங்கே வாடகை வீடு, அடுத்தவன் புராஜெக்ட் என்று சர்ஜாபூர் சாலையில் நாம் ஓட்டுகிறோமே, அந்தப் பிழைப்பின் பத்தாம் நூற்றாண்டுப் பதிப்பு அவன். 'வி.டி.' என்று வைத்தால் அவன் சும்மா ஒரு துறுதுறு பையன். 'வல்லவரையன்' என்று வைத்தால்தான் அவன் எதை இழந்தவன் என்று தெரியும்.

அடுத்து அந்த பிரின்சஸ், குவீன் கூத்து. குந்தவை இளைய பிராட்டி. நந்தினி பழுவூர் இளைய ராணி. இரண்டிலும் 'இளைய' இருக்கிறது. வித்தியாசம் எங்கே? 'பிராட்டி' பிறப்பால் வந்த மரியாதை. அரண்மனையில் மூத்தவரான செம்பியன் மாதேவி பெரிய பிராட்டி, அதனால் இவள் இளைய பிராட்டி. நந்தினியின் 'ராணி' தாலி கட்டியதால் வந்தது, அதுவும் ஒரு கிழவரைக் கட்டிக்கொண்டு. சிறு வயதில் பழையாறை அரண்மனைப் பெண்கள் எந்தக் கோட்டைத் தாண்டி வராதே என்று நந்தினியைத் தள்ளி நிறுத்தினார்களோ, அந்தக் கோட்டின் பெயர்தான் 'பிராட்டி'. நந்தினியின் கோபம், பழிவெறி, அவளை வெறுக்க முடியாமல் நாம் தவிக்கும் தவிப்பு எல்லாம் இந்த ஒரு சொல்லின் மேல் நிற்கின்றன. ஒருத்தி பிரின்சஸ், ஒருத்தி குவீன் என்று எழுதினால் என்ன ஆகும்? ஆங்கிலக் கணக்கில் குவீன் பெரியவள். பிரின்சஸைப் பார்த்து குவீன் எதற்குப் பொறாமைப்பட வேண்டும் என்று பிள்ளை நியாயமாகவே கேட்கும். உங்களிடம் பதில் இருக்காது.

பெரிய பழுவேட்டரையர் தனாதிகாரி. சோழ நாட்டின் பொக்கிஷம் அவர் கையில். தம்பி தஞ்சைக் கோட்டைக்குத் தளபதி. பணம் அண்ணனிடம், வாசல் சாவி தம்பியிடம். நோயில் படுத்திருக்கும் சுந்தர சோழர் உண்மையில் யாருடைய கைதி என்பதை இந்த இரண்டு பதவிகளே சொல்லிவிடுகின்றன. 'மாஸ்டர் ஆஃப் காயின்' என்றால் என்னவென்று வெஸ்டெரோஸில் தெரிந்துகொண்ட பிள்ளைக்குத் தனாதிகாரி புரியாதா? 'ஹேண்ட் ஆஃப் த கிங்' புரிந்தால் முதன்மந்திரி அநிருத்தப் பிரமராயர் புரியமாட்டாரா? அதே நாற்காலி, அதே சூழ்ச்சி. மொழி மட்டும் நம்முடையது.

கடைசியாக, நாவலின் தலைப்பே ஒரு பட்டம். காவிரியில் தவறி விழுந்த குழந்தையை ஆறே காப்பாற்றிக் கொடுத்ததால் அருள்மொழிக்குக் கிடைத்த பட்டம் 'பொன்னியின் செல்வன்'. 1950 முதல் 1954 வரை கல்கி வாராவாரம் எழுதிய இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்களும் ஒரே கேள்வியைச் சுற்றுகின்றன: அடுத்த சோழ மன்னன் என்கிற பட்டம் யாருக்கு? ஐந்தாம் பாகத்துக்குத் 'தியாகச் சிகரம்' என்று பெயர். கைக்கு வந்த மகுடத்தை இன்னொருவன் தலையில் வைப்பதுதான் அந்தச் சிகரம். பட்டம் என்றால் என்ன என்றே சொல்லித்தராத நாடகத்தில், பட்டத்தைத் துறக்கும் கட்டத்துக்குப் பிள்ளைகள் எதற்குக் கைதட்டுவார்கள்? லைட்டிங் நன்றாக இருந்தது என்று தட்டுவார்கள்.

இது கல்கி சொந்தமாகக் கண்டுபிடித்த வித்தையும் இல்லை. நம் காவியங்கள் எல்லாமே இப்படித்தான். தேவவிரதன் பயங்கரமான ஒரு சபதம் செய்தான், பீஷ்மன் ஆனான். தமிழில் வந்தபோது வீடுமன் ஆனான். மேகநாதன் இந்திரனை வென்றான், இந்திரசித்து ஆனான். செய்த காரியமே பெயராக மாறுகிறது. இந்தப் பக்கம் டெனேரிஸின் 'விலங்குகளை உடைத்தவள்', அந்தப் பக்கம் 'இந்திரனை வென்றவன்'. இலக்கணம் ஒன்றுதான்.

டோல்கீன் விஷயத்தில் ஒரு தகவல். அவருடைய நூல் டச்சிலும் ஸ்வீடிஷிலும் வந்தபோது பெயர்களை மொழிபெயர்ப்பாளர்கள் கையாண்ட விதம் அவருக்குப் பிடிக்கவே இல்லை. எந்தப் பெயரை அப்படியே விட வேண்டும், எதைப் பொருள் பார்த்து மாற்ற வேண்டும் என்று மொழிபெயர்ப்பாளர்களுக்காகவே 1966–67 வாக்கில் உட்கார்ந்து ஒரு வழிகாட்டி எழுதினார். தான் கற்பனை செய்த உலகத்தின் பெயர்களுக்கே மனிதர் அவ்வளவு மெனக்கெட்டார். நாம் நிஜமாக வாழ்ந்தவர்களின் பெயர்களை ஒரு வாட்ஸப் மாலையில் முதலெழுத்தாக்கிவிட்டோம்.

ஆம், நிஜமாக வாழ்ந்தவர்கள். நந்தினியும் பூங்குழலியும் கல்கியின் கற்பனை. ஆனால் வந்தியத்தேவர் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் இருக்கிறார். ராஜராஜனின் தமக்கை குந்தவையை அந்தக் கல்வெட்டு வல்லவரையர் வந்தியத்தேவரின் மாதேவியார் என்று குறிப்பிடுகிறது. அவரைப் பற்றி வரலாற்றில் அதற்கு மேல் நமக்குக் கிடைப்பது சொற்பம். அதாவது கல்கிக்குத் தன் கதாநாயகன் கிடைத்ததே கல்லில் வெட்டியிருந்த ஒரு பட்டத்திலிருந்துதான். அதை வெட்டிய சிற்பி 'வி.டி.' என்று முடித்திருந்தால் நமக்கு நாவலே இல்லை!

இன்னொன்று சொல்கிறேன், துப்பறியும் கதை பிடித்தவர்கள் நிமிர்ந்து உட்காருங்கள். ஆதித்த கரிகாலன் கொலை நிஜ வழக்கு. காட்டுமன்னார்கோவில் அருகே உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் ஒரு கல்வெட்டு உண்டு. ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டு. அவன் பட்டத்துக்கு வந்தது 985 என்பதால் ஏறக்குறைய 987 என்று வைத்துக்கொள்ளலாம். கரிகாலனைக் கொன்ற துரோகிகளின், அவர்களுடைய உறவினர்களின் நிலங்கள் பற்றிய உத்தரவு அது. அதில் வரும் பெயர்களில் ரவிதாசனுக்குப் 'பஞ்சவன் பிரமாதிராஜன்' என்று பட்டம். அவன் தம்பி பரமேசுவரனுக்கு 'இருமுடிச்சோழ பிரமாதிராஜன்' என்று பட்டம். பஞ்சவன் என்றால் பாண்டியன். ஒரே வீட்டில் ஒருவனுக்குப் பாண்டியன் பெயரில் பட்டம், இன்னொருவனுக்குச் சோழன் பெயரில் பட்டம். கொல்லப்பட்ட கரிகாலனின் பட்டமோ 'வீரபாண்டியன் தலைகொண்ட'. இது பாண்டியனுக்காகப் பழிவாங்கிய கொலையா, சோழ அரசாங்கத்துக்குள்ளேயே இருந்த அதிகாரிகளின் வேலையா? நீலகண்ட சாஸ்திரியார் சந்தேகத்தை உத்தம சோழன் பக்கம் திருப்பினார். சதாசிவப் பண்டாரத்தார் அதை மறுத்தார். ஆயிரம் ஆண்டுக்குப் பிறகும் மூடாத வழக்கு இது. அதில் நம் கையில் இருக்கும் முக்கியமான தடயங்களில் இந்தப் பட்டங்களும் உண்டு. பட்டம் கிட்டம் எல்லாம் எதுக்கு என்றா கேட்டீர்கள்?

"அதெல்லாம் தமிழ்நாட்டுக் கதை. இருப்பது பெங்களூரில். இங்கே வந்து சோழன் புராணம் எதற்கு?" இதையும் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி, பதிலும் பெங்களூரிலேயே இருக்கிறது.

பட்டம் 'கட்டுவது' என்று ஏன் சொல்கிறோம்? நிஜமாகவே நெற்றியில் ஒரு பட்டையைக் கட்டுவார்கள். அதற்கு ஓர் அருமையான சாட்சி நம் பேகூரில் கிடைத்த கன்னட நடுகல். இப்போது அது கஸ்தூர்பா சாலை அரசு அருங்காட்சியகத்துக்குச் சொந்தம். கங்க மன்னன் எரெயப்பனின் படைத்தலைவன் நாகத்தரன் போருக்குப் போய் யானைகளுக்கு நடுவே செத்துப் போகிறான். மன்னன் இருகன் என்பவனுக்கு 'நாகத்தர' பட்டத்தைக் கட்டி, பேகூரைச் சேர்ந்த பன்னிரண்டு ஊர்களையும் கொடுக்கிறான். கவனியுங்கள், செத்தவனின் பெயர் பட்டமாகி இன்னொருவன் நெற்றியில் ஏறுகிறது. கூடவே பன்னிரண்டு ஊர் வருமானமும், அடுத்த போரில் சாக வேண்டிய கடமையும் ஏறுகின்றன. இதைவிட நல்ல 'ஃபேன்டஸி' காட்சியை எந்த அமெரிக்க எழுத்தாளர் எழுதிவிட்டார்? எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் போகிற வழியில் கொஞ்சம் உள்ளே திரும்பினால் வருகிற ஊர் அது.

தொம்மலூர் மேம்பாலத்தில் மாட்டிக்கொண்டு ஹார்ன் அடிக்கிறோமே, அங்கே சொக்கநாதசுவாமி கோயிலில் பதின்மூன்றாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. வெட்டியது சோழர் இல்லை, போசளர் காலத்தில் வீரராமநாதன் ஆட்சியில். ஊரின் பெயர் தொம்பலூர், அதற்கு தேசிமாணிக்கப்பட்டணம் என்று ஒரு பட்டப்பெயர். அதாவது இங்கே ஊருக்கே பட்டம்! கோலாரம்மா கோயிலில் ராஜேந்திர சோழன் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகள். கங்கபாடி என்ற நாடே அப்போது 'முடிகொண்ட சோழ மண்டலம்' ஆனது. அரசனின் பட்டம் வரைபடத்தில் ஊர்ப்பெயராக உட்கார்ந்தது.

இதைக் கேட்டதும் சிலருக்கு மீசை துடிக்கும் என்று தெரியும். "பார்த்தியா, பெங்களூரே நம்முது" என்று ஃபார்வர்டு அனுப்பக் கை பரபரக்கும். ஐயா, தயவுசெய்து வேண்டாம். உங்களுக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதிவு. பெங்களூர் என்ற பெயர் வரும் பழைய கல்வெட்டு பேகூர் நாகேஸ்வரர் கோயிலில் இருக்கிறது. சுமார் 890ஆம் ஆண்டு. அது கன்னடம். கன்னட அரசன் தமிழில் வெட்டியிருக்கிறான், தமிழ் அரசன் கன்னட நாட்டில் கோயிலுக்குக் கொடுத்திருக்கிறான். பெரிய கோயில் கல்வெட்டில் ராஜராஜனுக்கு முன்னால் 'உடையார்' என்று இருக்கும். மைசூர் மகாராஜாக்களின் 'ஒடெயர்' அதன் உடன்பிறப்புச் சொல். பட்டங்களைப் பொருளோடு படித்தவனுக்கு அண்டை வீட்டுக்காரன் சொந்தக்காரனாகத் தெரிவான். படிக்காதவன்தான் அதைக் கொடியாக்கித் தெருவுக்கு வருவான். 'ஆண்ட பரம்பரை' என்று டி-ஷர்ட் போடுகிறவரிடம் ராஜகேசரி, பரகேசரி என்ற இரண்டும் சோழர் வம்சத்தில் எப்படி மாறி மாறி வரும் என்று கேட்டுப் பாருங்கள். நைஸாக வேறு பேச்சுக்குத் தாவிவிடுவார்.

முதலெழுத்தாக்கினால் என்ன ஆகும் என்பதற்கும் இந்த ஊரே உதாரணம். சிட்டி ரயில் நிலையத்துக்கு கிராந்திவீர சங்கொள்ளி ராயண்ணா என்று பெயர் வைத்தார்கள். கித்தூருக்காக வெள்ளைக்காரனை எதிர்த்து 1831இல் தூக்கில் தொங்கியவர். டிக்கெட்டில் அது கே.எஸ்.ஆர். ஆனது. சேலம் வண்டிக்கு நிற்கிற பத்துப் பேரிடம் கே.எஸ்.ஆர். என்றால் யார் என்று கேளுங்கள். பஸ் கம்பெனியா என்பார்கள். கிருஷ்ணராஜேந்திர மார்க்கெட் கே.ஆர். மார்க்கெட் ஆனதும் அதே கதை. மூன்று எழுத்து ஒரு மனிதனை விழுங்க இருபது வருடம்கூட வேண்டாம்.

இன்னும் இரண்டு ஆட்சேபங்களுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று: "இந்தப் பட்டமெல்லாம் சாதி, நிலப்பிரபுத்துவம். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எதற்கு?" இதைச் சொன்னவர் மேல் எனக்கு மரியாதை உண்டு, ஏனென்றால் இது சோம்பேறித்தனத்தில் வந்த கேள்வி இல்லை. ஆனால் முடிவு தப்பு. பிரமராயன், பிரமாதிராஜன் போன்றவை பிராமண அதிகாரிகளுக்குக் கொடுத்தவை. மூவேந்தவேளான் நிலமுள்ள வேளாளர்களுக்கு. அரையன் குறுநிலத் தலைவனுக்கு. யாரிடம் நிலம் இருந்தது, யாரிடம் அதிகாரம் இருந்தது என்பது பட்டத்திலேயே எழுதியிருக்கிறது. அதை மறைத்தால் சோழ நாடு எல்லாரும் நல்லவர்களாக வாழ்ந்த வண்ணப் படமாகிவிடும். பட்டமே கிடைக்காதவர்கள் யார் என்று ஒரு பிள்ளை கேட்க வேண்டுமானால், பட்டம் கிடைத்தவர்கள் யார் என்று முதலில் தெரிய வேண்டாமா?

இரண்டு: "தமிழனுக்கு ஏற்கெனவே பட்டப் பைத்தியம், நீ வேற ஏத்திவிடாதே." உண்மைதான். தலைவருக்குப் பட்டம், நடிகருக்குப் பட்டம், போஸ்டரில் ஆளைவிடப் பட்டம் பெரிது. 2021இல் அஜித் இனி 'தல' வேண்டாம் என்றார். 2024இல் கமல் 'உலகநாயகன்' வேண்டாம் என்றார். வாங்கியவர்களுக்கே அலுத்துவிட்டது! ஆனால் ஏன் அலுத்தது? இந்தப் பட்டங்களுக்குப் பின்னால் கடமை எதுவும் இல்லை. நாகத்தரனின் பட்டத்துக்குப் பின்னால் ஒரு பிணமும் பன்னிரண்டு ஊரும் இருந்தன. பழைய பட்டங்களின் எடை தெரிந்த பிள்ளை போஸ்டர் பட்டத்தைப் பார்த்துச் சிரிக்கும். பைத்தியத்துக்கு அதுதான் மருந்து.

இப்போது உண்மையாக என்னை உறுத்துகிற விஷயத்துக்கு வருகிறேன். நாடகம் ஒரு சாக்கு.

நம் வீடுகளில் இது பழுவேட்டரையரோடு நிற்கவில்லை. பெரியப்பா, சித்தப்பா, மாமா, அத்திம்பேர், மச்சான் எல்லாரும் 'அங்கிள்'. பெரியம்மா, சித்தி, அத்தை, மதினி எல்லாரும் 'ஆன்ட்டி'. பெரிய பழுவேட்டரையர் பி.பி. ஆனதும் பெரியப்பா அங்கிள் ஆனதும் ஒரே வியாதி. 'பெரியப்பா' ஒரு பட்டம். அப்பாவுக்கு மூத்தவர், அப்பா அவர் முன்னால் கால் நீட்டி உட்கார மாட்டார், அவருக்கு நம்மைத் திட்ட உரிமை உண்டு, நமக்கு ஒன்று என்றால் ராத்திரி பஸ் பிடித்து வர வேண்டிய கடமையும் உண்டு. இத்தனையும் ஐந்து எழுத்தில். 'அங்கிள்' என்றால் அவரும் லிஃப்டில் பார்க்கிற ஆளும் ஒன்று. உறவு அறுந்ததால் சொல் போனது என்று நினைக்கிறோம். பாதி வீடுகளில் சொல் முதலில் போனது, உறவு பின்னால் போனது.

பெரிய கோயில் கட்டியவனுக்கு மும்முடிச் சோழன், சிவபாதசேகரன், ஜயங்கொண்ட சோழன் என்று எத்தனையோ பட்டங்கள். அதே கல்வெட்டில், கோயிலுக்குத் தன்னைப் போலவே வாரி வழங்கிய தமக்கையைக் குறிப்பிடும்போது அவன் பயன்படுத்துகிற சொல் 'அக்கன்'. அவ்வளவுதான், வெறும் அக்கா. பட்டங்கள் மலிந்த அந்தக் கல்லில் அந்த ஒரு சொல் எப்படிப் பளிச்சென்று தெரிகிறது பாருங்கள். மற்ற பட்டங்களின் உயரம் தெரிந்தால்தான் இந்தச் சொல்லின் உயரமும் தெரியும்.

குறை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் நீங்கள் சும்மா விடமாட்டீர்கள். செய்யக்கூடியவை:

1. நூலைக் கையில் எடுங்கள். கல்கியின் எழுத்துகள் 1999இல் நாட்டுடைமையாகிவிட்டன. மதுரைத் திட்டத்தில் ஐந்து பாகமும் இலவசம். பிள்ளைக்குத் தமிழ் படிக்கத் தெரியாதா? ராத்திரி இருபது நிமிடம் நீங்கள் உரக்கப் படியுங்கள். 2022இலும் 2023இலும் வந்த படங்களைப் பிறகு பார்க்கலாம்.

2. ஒரு சார்ட் பேப்பரில் பாத்திரங்களை எழுதி, யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று அம்புக்குறி போடச் சொல்லுங்கள். வெஸ்டெரோஸ் குடும்ப மரம் போட்ட பிள்ளைக்கு இது விளையாட்டு. பக்கத்திலேயே உங்கள் குடும்ப மரத்தையும் போடச் சொல்லுங்கள். யாரை எப்படிக் கூப்பிட வேண்டும் என்பதோடு.

3. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலுக்குப் போகாமல் தொம்மலூர் கோயிலுக்கும் பேகூருக்கும் போங்கள். கன்னடம் படிக்கிற உங்கள் பிள்ளைதான் அங்கே உங்களுக்கு வழிகாட்டி. ஒரு மாறுதலுக்கு அவன் சொல்லித்தரட்டும், நீங்கள் கேளுங்கள்.

4. நாடகம் போட்டால் முழுப்பெயரோடு போடுங்கள். ஒத்திகையில் பத்துத் தடவை தடுக்கும். தடுக்கட்டுமே. அதற்குத்தானே ஒத்திகை?

'இவங்களுக்கு வராது' என்று நாம் சொல்லும் ஒவ்வொரு தடவையும் பிள்ளைகளுக்கு நாமே ஒரு பட்டம் கட்டுகிறோம்: 'தமிழ் வராதவன்'. அதற்குப் பன்னிரண்டு ஊர் வேண்டாம், போர் வேண்டாம், வாட்ஸப்பில் பதினான்கு கட்டைவிரல் போதும். ஒருமுறை கட்டிவிட்டால் அவன் அதைத் தன் பிள்ளைக்கும் கட்டுவான்.

பி.கு. 1: 'அத்திம்பேர்' எல்லா வீட்டிலும் கிடையாது என்று பின்னூட்டம் வரும் முன் நானே சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டில் அக்கா புருஷனை எப்படிக் கூப்பிடுவீர்கள் என்று ஊர்ப்பெயரோடு எழுதுங்கள். 'அங்கிள்' என்று எழுதுபவர்களின் பின்னூட்டம் மட்டுறுத்தப்படும் :-)

பி.கு. 2: அந்த வசனப் பிரதியில் நந்தினி வரும் காட்சிகளை முழுப்பெயர், பட்டங்களோடு திருத்தி எழுதி வைத்திருக்கிறேன். வேறு அடுக்ககத்தில் யாருக்காவது வேண்டுமென்றால் சொல்லுங்கள், அனுப்புகிறேன்.